சோபாவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

முன்பின் தெரியாத பயணிகளைக் காசில்லாமல் வீட்டில் தங்கவைக்க உதவும் கவுச்சர்ஃபிங் தளத்தில் என் பெயருக்குக் கீழே 41 ரெஃபரன்ஸ், அதாவது அனுபவக் குறிப்புகள், இருக்கிறது. திருச்சி தில்லைநகரில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, நானும் அம்மாவும். 2012இலிருந்து கொரோனா வரும்வரை, வருடத்துக்கு ஐந்தாறு பேர் கணக்கில், முன்னறை சோபாவிலும் அது போதாதபோது தரையில் விரித்த மெத்தையிலும் படுத்து எழுந்து போனவர்கள் எழுதியவை. யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாங்கக் கூடாது என்பதுதான் அங்கே அடிப்படை விதி.

இப்போது அங்கே போவதே அபூர்வம். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவில்லை. வழக்கமாகப் போகும் மளிகைக்கடைக்கு ஒருநாள் போகாமல் விட்டு, பிறகு போகவே தோன்றாமல் போகுமே, அப்படி. இந்த வருடம் அலுவலகத் தோழி ஒருத்தியும், சைக்கிளில் ஊர் சுற்றும் அவள் தம்பியும் கேட்டார்கள்: "நாங்களும் வீட்டைத் திறந்துவைக்கலாம்னு இருக்கோம், எந்தத் தளத்துல சேர்றது?" ஒரு வரியில் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு ஒரு பதில், தம்பிக்கு வேறு பதில், எனக்கு இன்னொன்று. எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பழைய வீடான கவுச்சர்ஃபிங்கின் கதை. அது தெரியாமல் மற்றவை ஏன் பிறந்தன என்று புரியாது.

கேசி ஃபென்டன் என்ற அமெரிக்க இளைஞருக்கு 1999இல் ஐஸ்லாந்துக்கு மலிவான விமான டிக்கெட் கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் 1,500 பேருக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டார். வா, வந்து தங்கு என்று ஏகப்பட்ட பதில்கள். அந்த யோசனைதான் 2004இல் தளமாக வந்தது. லாப நோக்கமில்லாத அமைப்பு; வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். 2006 ஜூனில் தரவுத்தளம் சிதைந்தது, பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று ஃபென்டனே உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டார். உறுப்பினர்கள் விடவில்லை. மான்ட்ரியாலில் கூடியிருந்த தொண்டர்கள் சில நாட்களிலேயே தளத்தை மறுபடி கட்டி நிறுத்தினார்கள். உரிமையாளரே பாடை கட்டியதை ஊரார் எழுப்பி உட்கார வைத்த கதை. இதை எனக்குச் சொன்னவர் 2012 டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பெல்ஜியக்காரர். தம் குலதெய்வக் கதை சொல்வது மாதிரி சொன்னார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கதை வேறாகிவிட்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அறக்கட்டளைக்கான வரிவிலக்கு அமெரிக்க வருமான வரித்துறையிடம் கிடைக்காததால், 2011இல் அமைப்பு லாப நோக்கமுள்ள நிறுவனமாக மாறியது. அதே ஆண்டு பெஞ்ச்மார்க், ஒமிடியார் ஆகிய முதலீட்டாளர்களிடமிருந்து 76 லட்சம் டாலர் வந்தது. அடுத்த ஆண்டு இன்னும் ஒன்றரைக் கோடி டாலர். வெளியிலிருந்து தலைமைச் செயல் அதிகாரி வந்தார், 2013இல் போனார், கூடவே ஊழியர்களில் ஒரு பெரும்பங்கும் போனது. முதலீடு போட்டவர் அதைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார்; அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் போட்ட பணம் எதன்மேல்? ஏழெட்டு வருடம் சும்மா உழைத்தவர்கள் எழுதிய நிரல்மேல், சும்மா வந்தவர்கள் எழுதிவைத்த ரெஃபரன்ஸ்மேல். பழைய தொண்டர்களுக்கு நெஞ்சில் குத்தியது இந்த இடம்தான்.

பிறகு 2020 மே 14. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதம். வருமானம் கூடிய நாடுகளின் உறுப்பினர்கள் உள்ளே நுழையவே இனி சந்தா என்று ஆனது: மாதம் 2.39 டாலர், அல்லது வருடம் 14.29 டாலர். அன்றைய மதிப்பில் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கட்டாதவர்களால் தங்கள் பழைய கடிதங்களையும் ரெஃபரன்ஸையும்கூடப் பார்க்க முடியவில்லை. ஊர் ஊராக உறுப்பினர்கள் கொதித்தார்கள்.

நான் கொதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்வர் சும்மா ஓடாது. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஐரோப்பியப் பயணிக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. பயணமே நின்றுபோன வருடத்தில் ஒரு பயண நிறுவனம் வேறு என்ன செய்யும் என்றும் கேட்கலாம். எனக்கு நெருடியது வேறு. சந்தா கட்டியவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு ஓர் எதிர்பார்ப்பு வரும், வரத்தான் செய்யும். அவர் கட்டிய காசு அமெரிக்காவுக்குப் போகிறது. எதிர்பார்ப்பு மட்டும் தில்லைநகர் இரண்டாவது மாடிக்கு வந்து சேர்கிறது. நான் யாருடைய ஊழியர்?

இதோடு கடிதங்களும் மாறின. ஆரம்ப வருடங்களில் வரும் கோரிக்கை ஒரு பக்கத்துக்கு இருக்கும். என் புரொஃபைலைப் படித்துவிட்டு, 'உங்கள் அம்மா கோலம் போடுவதை விடியற்காலையில் எழுந்து பார்க்கலாமா' என்று கேட்டிருப்பார்கள். கடைசி வருடங்களில் வந்தவை 'ஹாய், நாளை மறுநாள் இரண்டு பேர், முடியுமா?' இதற்குத் தளத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது. கைபேசி வந்தபிறகு என் சொந்தச் சித்தப்பா மகனே கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு ஒரு கும்பிடு பொம்மையோடு முடித்துக்கொண்டான். ஆனாலும் ஹோஸ்டுக்கு, அதாவது தங்க இடம் கொடுப்பவருக்கு, அந்தக் கடிதம்தான் எல்லாம். முன்பின் தெரியாத ஒருவரை, நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில், இரவு தங்க வைப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு தளத்தையும் நான் அளந்தது இந்த ஒரு கோலால்தான்: அங்கிருந்து எப்பேர்ப்பட்ட கடிதம் வருகிறது? வேறு அளவுகோல் உள்ளவர்களுக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம்.

முதல் வழி, இருக்கிற இடத்திலேயே இருப்பது. இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. தளம் சொல்லிக்கொள்ளும் கணக்கில் உறுப்பினர்கள் 1 கோடியே 40 லட்சம். அதில் எத்தனை பேர் உயிரோடு உலவுகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் மற்ற எல்லாத் தளங்களையும் கூட்டினாலும் இந்தப் பக்கம் எட்டாது. நீங்கள் ஹோஸ்ட் அல்ல, பயணி, அதுவும் தனி ஆளாக ஜார்ஜியாவின் ஒரு சிற்றூருக்கோ பெருவின் மலைப்பக்கத்துக்கோ போகிறீர்கள் என்றால், சந்தாவைக் கட்டிவிட்டு இங்கேயே தேடுங்கள். வேறெங்கும் அந்த ஊரில் ஆள் இருக்க மாட்டார். பெரிய நகரங்களில் வாராவாரம் கூடும் சந்திப்புகளும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. சந்தாத் தொகை நாட்டுக்கு நாடு மாறுவதால், பதிவு செய்யும்போது திரையில் வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய இடம் என்பதால் பாதுகாப்பு கூடுதல் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இத்தாலியின் பாதுவா நகரில் போலீஸ்காரர் ஒருவர் இதே தளத்தின் வழியாக வீட்டில் தங்க வந்த ஆஸ்திரேலியச் சிறுமி ஒருத்திக்கு மயக்கமருந்து கொடுத்து வன்கொடுமை செய்த வழக்கில் 2015இல் தண்டிக்கப்பட்டார். வேறு பல நாட்டுப் பெண்களும் தங்களுக்கும் அப்படி நேர்ந்ததாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். தளம் பெரிதோ சிறிதோ, ரெஃபரன்ஸ் முறையின் ஓட்டை ஒன்றுதான்: கெட்ட அனுபவம் நேர்ந்தவர் எழுதத் தயங்குவார். எழுதினால் பதிலுக்குத் தன்மேலும் எழுதுவார்களே என்ற பயம், போனது போகட்டும் என்ற சோர்வு. எனவே நான் ரெஃபரன்ஸில் நல்ல வார்த்தைகளைத் தேடுவதில்லை. எழுதியவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் வளவளவென்று எழுதியிருக்கிறார்களா அல்லது 'நன்றி, நல்ல வீடு' என்று சுருக்கமாக நழுவியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். நாற்பத்தொன்றில் மூன்று பேரை நான் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். அந்த மூவரும் தப்பானவர்கள் இல்லை, எனக்கு ஒத்துவராதவர்கள். ஆனால் படிப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லையே!

இரண்டாவது, பீவெல்கம். 2007இல் தொடங்கியது. இதன் பூர்வீகம் சுவாரசியம். 2000இல் ஜெர்மானியர் ஒருவர் தொடங்கிய ஹாஸ்பிடாலிட்டி கிளப் என்ற இதே வகைத் தளம் கவுச்சர்ஃபிங்குக்கும் மூத்தது. அங்கே முடிவெல்லாம் ஒருவர் கையிலேயே இருக்கிறது என்று மனம் கசந்த தொண்டர்கள் வெளியே வந்து கட்டியதுதான் பீவெல்கம். ஆக, நிர்வாகத்தின்மேல் கசந்து குடிபெயர்வது இந்த உலகத்தில் 2020இல் முளைத்த பழக்கம் இல்லை. கசந்து வந்தவர்கள் என்பதால் சட்டதிட்டத்தில் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். பிரான்சில் பதிவான ஒரு சங்கம் இதை நடத்துகிறது. சங்கத்துக்குப் பொதுக்குழு உண்டு, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்துப் பார்க்கலாம். யாரும் இதை விற்க முடியாது. நம் ஊர் அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழுவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரிந்திருக்கும்: ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற ஆறு மாதம் விவாதம். தளம் பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது, பழைய அரசு வங்கிக் கிளை மாதிரி. ஆனால் கடிதங்கள்! எனக்கு இந்த நான்கு வருடத்தில் அங்கிருந்து வந்தவை ஒன்பதுதான். ஒன்பதும் படிக்கத் தகுந்தவை. ஒரு பிரெஞ்சு ஓய்வூதியத் தம்பதி, கல்லணையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே திருச்சிக்கு வருவதாக எழுதி, அணையைப் பற்றி எனக்கே தெரியாத இரண்டு விஷயங்களைக் கடிதத்தில் சேர்த்திருந்தார்கள். பீவெல்கம்காரர்களில் நடுவயது கடந்தோர், ஐரோப்பியர் அதிகம். அம்மா இருக்கும் வீட்டுக்கு அதுவே வசதி.

மூன்றாவது, கவுச்சர்ஸ். 2020இன் சந்தாக் கொதிப்பில் நேரடியாகப் பிறந்தது இது. பழைய உறுப்பினர்கள் சிலர் கூடி அதே ஆண்டு தொடங்கினார்கள். அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிந்திருக்கிறார்கள், நன்கொடையில் ஓடுகிறது, நிரல் திறந்திருக்கிறது. கைபேசியில் பார்க்க அழகாகவும் வேகமாகவும் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு: புகைப்படமும் ஓரளவு அறிமுகமும் எழுதாதவரால் கோரிக்கையே அனுப்ப முடியாது. 'ஹாய், இரண்டு பேர்' வாசலிலேயே வடிகட்டப்படுகிறது. வந்தவர்கள் இளைஞர்கள், மடிக்கணினியோடு ஊர் ஊராக வேலை பார்ப்பவர்கள். எங்கள் வீட்டு வைஃபை வேகத்தை முதல் கடிதத்திலேயே கேட்ட ஒருவரைத் தவிர எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

அங்கே ஆளை உறுதிசெய்யும் முறை ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும் சிப்பைக் கைபேசியால் படிக்க வைத்து, பெயரும் ஆளும் ஒன்றுதான் என்று காட்டுவது. ஐரோப்பியருக்கு இது இரண்டு நிமிட வேலை. நமக்கு அப்படி இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் சிப் வந்ததே அண்மையில்தான். சென்னை அலுவலகம் 2025 மார்ச்சில்தான் அந்த வகையைத் தரத் தொடங்கியது. என் கையில் இருப்பது பழைய நீலப் புத்தகம், சிப் கிடையாது. ஆகவே வருகிறவரை நான் சரிபார்த்துக்கொள்ளலாம், அவர் என்னைச் சரிபார்க்க முடியாது. ஹோஸ்டாக இருப்பவருக்கு இது நஷ்டம் இல்லை. பயணியாகப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு நஷ்டம்தான். மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அடையாளக்குறி மின்னும்போது இவள் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும்.

நான்காவதாக டிரஸ்ட்ரூட்ஸ் என்று ஒன்று, 2014இலிருந்து இருக்கிறது. லிஃப்ட் கேட்டுக் கண்டம் கடப்பவர்கள், குப்பைத்தொட்டியிலிருந்து நல்ல உணவை மீட்டு உண்பவர்கள் என்று வட்டம் வட்டமாகப் பிரிந்திருக்கும் தளம். நல்லவர்கள். தமிழ்நாட்டில் ஆட்கள் குறைவு. எங்கள் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. அடுத்ததற்குப் போவோம்.

தோழியின் தம்பிக்குச் சொன்ன பதில் வார்ம்ஷவர்ஸ். சைக்கிள் பயணிகளுக்கு மட்டுமானது. 1993இலிருந்து இருக்கும் வலை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் இங்கும் கட்டணம் வாங்குகிறார்கள், அதனால் முணுமுணுப்பும் உண்டு. ஆனால் அமைப்பு லாப நோக்கமற்றது. புரொஃபைலில் கேட்கும் கேள்விகளைப் பார்த்தாலே யார் கட்டினார்கள் என்று தெரியும்: குளிக்க வசதி உண்டா, துணி துவைக்கலாமா, சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா, டூல்ஸ் இருக்கிறதா, பக்கத்து சைக்கிள் கடை எவ்வளவு தூரம். ஒரு தொழிலின் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி தாண்டி வேதாரண்யம், ராமேஸ்வரம் என்று போகிறவர்கள் வழியில் எங்கே தங்குவது என்று திண்டாடுகிறார்கள். நாகப்பட்டினத்திலோ தொண்டியிலோ ஒரு வீடு இருந்தால் தெய்வமாகக் கும்பிடுவார்கள். என் தோழியின் தம்பி வீடு புதுக்கோட்டையில், தரைத்தளம், முன்னால் ஷெட். இதைவிடத் தோதான வீடு வேண்டாம். எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் ஒன்றுதான், இரண்டாவது மாடி. ஒருமுறை ஒருவர் நாற்பது கிலோ மூட்டையோடு சைக்கிளைப் படியில் தூக்கி வந்து, கீழ்வீட்டு மாமா புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரில் சங்கிலி மசியால் ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டார். மாமா இன்றும் அதைத் தொட்டுக் காட்டுவார்.

அடுத்து, செர்வாஸ் என்ற அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் இதைப்பற்றி எழுதியவர்கள் குறைவு. இணையத்துக்கெல்லாம் முந்தியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து நான்கு வருடத்தில், 1949இல், டென்மார்க்கில் படித்துக்கொண்டிருந்த பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கரும் அவர் நண்பர்களும் தொடங்கியது. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்காரர் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்கினால் மறுபடி துப்பாக்கி தூக்க யோசிப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. பெயர், உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவிலிருந்து. சேவை செய்கிறது என்று பொருள். ஐக்கிய நாடுகள் சபையில் ஆலோசனை அந்தஸ்து பெற்ற அமைப்பு. இந்தியாவிலும் கிளை இருக்கிறது.

இதில் சேர வேண்டுமானால் படிவத்தோடு முடியாது, ஒருவர் நம்மை நேர்காணல் செய்வார். பயணிக்கு அறிமுகக் கடிதம் தருவார்கள், அதைக் காட்டித்தான் வீட்டுக்குள் வர முடியும். வழக்கமாக இரண்டு இரவு, அதற்குமேல் ஹோஸ்டே அழைத்தால் உண்டு. வருகிறவர் வீட்டாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு; பையை வைத்துவிட்டு ஊர்சுற்றப் போய்விட்டு நள்ளிரவு திரும்புவதற்கு இது இடமில்லை. என் அளவுகோலில், நல்ல கடிதம் வாங்கித் தரும் வேலையை அமைப்பே பாதி செய்துவிடுகிறது. குறை? மெதுவானது. உறுப்பினர்கள் வயதானவர்கள். நாளை ரயில் ஏறப்போகிறவருக்கு உதவாது. எனக்கு நேர்காணல் வைத்த அம்மையார் ஒன்றரை மணிநேரம் வீடியோவில் பேசினார். அதில் அரைமணி, என் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்களுக்கு இதில் சம்மதமா, பெண் சொல்கிறாளே என்று தலையாட்டுகிறீர்களா?" என்று விசாரித்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அம்மா என்ன சொன்னாள் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். தோழிக்கு நான் சொன்ன பதில் செர்வாஸ்: கணவர், இரண்டு குழந்தைகள், மாமனார் இருக்கும் வீடு, அவசரமில்லை.

பெண்களுக்கு மட்டும் என்று ஃபேஸ்புக்கில் 'ஹோஸ்ட் எ சிஸ்டர்' குழு 2019இலிருந்து இயங்குகிறது. தனியாகப் போகும் பெண்கள் பலர் இதில்தான் இடம் பிடிக்கிறார்கள். பதில் சுடச்சுட வரும். ஆனால் ஒரு நிறுவனத்தின் கையிலிருந்து தப்பி ஓடி ஃபேஸ்புக்கின் மடியில் போய் உட்காருவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. யார் எந்த வீட்டில் தங்கி என்ன எழுதினார் என்பது அங்கே ஒழுங்காகச் சேர்ந்தும் நிற்பதில்லை, போன மாதப் பதிவு கீழே புதைந்துவிடும். பயணத்துக்குப் பயன்படுத்துங்கள், ஹோஸ்டாக அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எதில் சேர்ந்தாலும் மாறாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாமலே நடக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் நம் வீட்டில் தங்கினால், ஓட்டல் இல்லை, சும்மா வீடுதான் என்றாலும், 24 மணிநேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாரும் பாரம் சி என்று சொல்வது இதைத்தான். 2025இல் குடியேற்றச் சட்டத்தையே புதிதாக மாற்றினார்கள். வீட்டுக்காரரின் இந்தக் கடமை மட்டும் மாறவில்லை. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் முதலில் நம் வீட்டை ஒரு தங்குமிடமாகப் பதிந்து பயனர் பெயர் வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவர் வரும்போதும் பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், ஒரு புகைப்படம். வந்தவர் குளிக்கப் போகும் நேரத்தில் நான் இதை முடித்துவிடுவேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, வீட்டுக்கு வந்தவரிடம் போலீஸ்காரியைப் போல் பாஸ்போர்ட்டைக் கேட்பது. இப்போது 'வரும்போது பாஸ்போர்ட், விசா இரண்டும் கேட்பேன்' என்று என் புரொஃபைலிலேயே எழுதிவைத்துவிட்டேன். இதற்குத் தயங்குகிறவருக்கு வேறு வீடு கிடைக்கட்டும்.

நான் என்ன செய்தேன்? கவுச்சர்ஃபிங்கில் கணக்கை மூடவில்லை. 'இப்போது விருந்தினர் ஏற்பதில்லை' என்று மாற்றிவைத்திருக்கிறேன். பீவெல்கமும் கவுச்சர்ஸும் திறந்திருக்கின்றன, செர்வாஸ் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. மூன்றிலும் சேர்த்து வருடத்துக்கு ஐந்தாறு பேர் வருகிறார்கள். முன்பு ஒரே தளத்தில் வந்த அதே எண்ணிக்கை. அம்மாவுக்கு இந்தத் தள வித்தியாசம் எதுவுமே தெரியாது. அவளைப் பொறுத்தவரை எல்லாரும் "கம்ப்யூட்டர்ல வர்ற புள்ளைங்க".

மாற நினைப்பவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரெஃபரன்ஸ் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு வராது. உள்ளே நுழைய முடிகிறபோதே அத்தனையையும் எடுத்துச் சேமித்துவையுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் ஒரு கோப்பில் ஒட்டினேன். அப்புறம் மின்னஞ்சல் முகவரி கையில் இருந்த பதினெட்டுப் பேருக்கு எழுதினேன்: புதிய இடத்துக்குக் குடிவந்துவிட்டேன், முடிந்தால் இங்கே இரண்டு வரி எழுதுங்கள். பதினொரு பேர் எழுதினார்கள். நான்கு பேரிடமிருந்து குழந்தையின் படம் வந்தது, ரெஃபரன்ஸ் வரவில்லை. அதுவும் சரி.

அந்தப் பதினொன்றில் ஒன்று 2014இல் வந்த ஒரு ஜெர்மானியப் பெண் எழுதியது. ஐப்பசி மழை, மூன்று நாள் வெளியே போகவே முடியவில்லை. முதல் நாள் இரவு அம்மா சுண்டைக்காய் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டாள். அந்தப் பெண் ஒரு சுண்டைக்காயைக் கடித்துவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. மூன்றாம் நாள் இரவு தட்டில் அதையே தேடித்தேடிப் பொறுக்கித் தின்றது. பழைய ரெஃபரன்ஸில் அதை அப்படியே எழுதியிருந்தது: செவ்வாய்க்கிழமை நான் வெறுத்த, வியாழக்கிழமை கெஞ்சிக் கேட்ட அந்தக் கசப்புக் காய்கள். நாற்பத்தொன்றில் அம்மாவுக்கு நான் அடிக்கடி மொழிபெயர்த்துக் காட்டியது அதைத்தான்.

புதிய தளத்தில் எழுதியதும் அன்பான கடிதம்தான், நீளமும் குறைவில்லை. மழை இருக்கிறது, மூன்று நாள் இருக்கிறது, அம்மாவின் கை மணம் இருக்கிறது. அவர் வைத்த அந்த அருமையான சாம்பாரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன் என்று முடித்திருந்தது. தமிழில் சொல்லிக் காட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நான் சாம்பாரே வைக்கலியேடி."